கரி பிடித்த பலகைகளை எறிந்துவிடாதீர்கள்

அன்புள்ள அம்மா,

போன வாரம் மகனையும் கூட்டிக்கொண்டு வந்து, "உயர்தரம் எழுதிவிட்டு நாள் முழுக்க லேசர் இயந்திரத்தால் மரத்தை எரித்து உருவம் பொறித்துக்கொண்டிருக்கிறான், இவனுக்கு ஒரு வழி சொல்லுங்கள்" என்று கேட்டீர்கள். அன்று வெளியே ஆட்கள் காத்திருந்ததால் ஆறுதலாகப் பேச முடியவில்லை. நீங்கள் போன பிறகு, அவன் மேசையில் விட்டுப்போன மூன்று பலகைகளையும் வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

மூன்றிலும் இருப்பது திருகோணமலை பிரட்றிக் கோட்டையில் திரிகிற புள்ளிமான்தான். முதல் பலகையில் மானின் வெள்ளைப் புள்ளிகள் கொப்புளம் போல எழும்பி நிற்கின்றன. முன்னால் நீட்டிக்கொண்டிருக்க வேண்டிய மூக்கோ குழியாகிவிட்டது. கைபேசியில் எடுத்த படத்தை அப்படியே இயந்திரத்துக்குக் கொடுத்திருக்கிறான். கறுப்பு என்றால் ஆழமாக எரிப்பது, வெள்ளை என்றால் தொடாமல் விடுவது, லேசருக்குத் தெரிந்தது அவ்வளவுதான். மூக்கு கறுப்பாக இருப்பதால் அது பள்ளமாகிவிட்டது.

இரண்டாவது பலகையில் மூக்கு தன் இடத்துக்கு வந்துவிட்டது. பிளெண்டர் என்ற முப்பரிமாண வரைகலை மென்பொருளில் மானை உருவமாகச் செய்து, எந்த இடம் எவ்வளவு உயரம் என்பதைச் சாம்பல் நிறத்தின் 256 படிகளாக மாற்றி, அந்தப் படத்தைக் கொடுத்திருக்கிறான். யார் சொல்லித்தந்தது என்று அன்றே அவனிடம் கேட்டேன். "நானாகத்தான் செய்து பார்த்தேன்" என்றான்.

மூன்றாவது தேக்கு. மானின் வயிற்றில் வரிவரியாகக் கோடு. ஆண்டு வளையத்தில் இளகிய பகுதி சீக்கிரம் எரிந்து தாழ, இறுகிய பகுதி நரம்பு போல நின்றுவிட்டது. பலகையைத் திருப்பிப் பார்த்தீர்களா? வேகம், சக்தி, எத்தனை தரம் ஓட்டினான், எந்தத் தரத்துக்குப் பிறகு கரியைப் பிரஷால் தட்டினான் என்று பென்சிலில் எழுதி வைத்திருக்கிறான். பரீட்சை முடிந்த பிறகும் யாரும் கேட்காமலே இப்படிக் குறிப்பெடுக்கிற பிள்ளையை நான் அடிக்கடி காண்பதில்லை. அவன் நேரத்தை வீணாக்கவில்லை, அம்மா.

ஆனால் பெரிய இயந்திரம் வாங்க நகையை அடகு வைக்க வேண்டாம். இதை அழுத்திச் சொல்கிறேன். லேசர் மேலிருந்து நேராகத்தான் எரிக்கும். மானின் காதுக்குப் பின்னால் குடைய அதனால் முடியாது, அதற்கு உளி வேண்டும். கோயில் வாகனம் செய்கிற ஆசாரி ஒருவரிடம் ஆறு மாதம் போய் வரட்டும். எந்த மரம் எப்படிப் பிளக்கும், எது ஈரம் காய்ந்தால் வளையும் என்பதெல்லாம் அங்கேதான் கைக்கு வரும்.

விற்பனையை இப்போதுள்ள சின்ன இயந்திரத்திலேயே சோதித்துப் பார்க்கலாம். மே முதல் செப்டம்பர் வரை உப்புவெளி, நிலாவெளிப் பக்கம் வெளிநாட்டவர் வருவார்கள். ஒரு விடுதியில் பத்துத் துண்டு வைத்து, ஒவ்வொன்றுக்கும் போன மணித்தியாலத்தையும் மரத்தின் விலையையும் அவனே எழுதி வரட்டும். மிச்சம் என்ன என்று தெரிந்த பிறகு கடனைப் பற்றிப் பேசுவோம்.

படிப்பு? தொழில்நுட்பப் பிரிவு எடுத்ததைக் குறைவாக நினைக்காதீர்கள். பெறுபேறு வந்து பல்கலைக்கழகம் கிடைத்தால் போகட்டும். கிடைக்காவிட்டால் என்.வி.கியூ. என்கிற தேசிய தொழில் தகைமை வழி இருக்கிறது. 4 ஆம் மட்டம் தேர்ச்சி பெற்ற தொழிலாளர் சான்றிதழ், 5, 6 டிப்ளோமா, 7 பட்டத்துக்குச் சமம். திருகோணமலைத் தொழில்நுட்பக் கல்லூரிக்கும் தொழிற்பயிற்சி அதிகார சபைக்கும் நேரில் போய், மரவேலை, இயந்திரவியல், கணினி வரைதல் இவற்றில் எதற்கு இப்போது விண்ணப்பம் எடுக்கிறார்கள் என்று கேளுங்கள். அவன் செய்த அந்த உயரப் படம், கணினி ஓட்டுகிற சி.என்.சி. மரம் செதுக்கும் இயந்திரத்துக்கும் பொருந்தும், லேசரோடு முடிந்துபோகிற வேலை இல்லை.

அப்புறம், வீட்டில் சில கட்டுப்பாடுகள். அந்த நீல ஒளிக்கென்று விற்கிற கண்ணாடி இல்லாமல் இயந்திரத்தைப் போடக் கூடாது, சாதாரண வெயில் கண்ணாடி காணாது. பி.வி.சி. பிளாஸ்டிக்கை ஒருபோதும் வைக்கக் கூடாது, நச்சுவாயு வரும். ஓடுகிற இயந்திரத்தை விட்டுவிட்டுச் சாப்பிடப் போகக் கூடாது, மரம் தீப்பிடிக்க ஒரு நிமிடம் போதும். அறை ஜன்னல் திறந்திருக்க வேண்டும். இவற்றில் மட்டும் நீங்கள் கண்டிப்பாக இருங்கள்.

வியாழக்கிழமை காலை மகனைத் தனியாக அனுப்புங்கள். பலகைகள் என்னிடம் பத்திரமாக இருக்கின்றன, அவற்றையும் எடுத்துக்கொண்டு ஆசாரியின் பட்டறைக்கு நானே கூட்டிப் போகிறேன்.