பூச்சியை எண்ணும் பெண்ணுக்கு எந்தப் படிப்பு?

அம்மா, உங்கள் கடிதத்தைப் படித்தேன். பள்ளி இறுதி வகுப்பில் இருக்கிற மகள் ராத்திரி ராத்திரியாக விஞ்ஞானிகளின் உரைகளைக் கேட்டுக்கொண்டிருக்கிறாள். பெரியப்பாவோ மருத்துவத்தில்தான் சேர்க்க வேண்டும், மதிப்பெண் குறைந்தால் வீட்டை அடமானம் வைத்தாவது இடம் வாங்கிவிடலாம் என்கிறார். உங்கள் பயம் புரிகிறது. ஆனாலும் முதலில் இதைச் சொல்லிவிடுகிறேன்: வீட்டை அடமானம் வைக்காதீர்கள். அந்தக் கடனைப் பெரியப்பா அடைக்கப்போவதில்லை. நோயாளிகளோடு இருக்க வேண்டும் என்று மகள் ஒரு தடவைகூடச் சொன்னதில்லை என நீங்களே எழுதியிருக்கிறீர்கள்.

அதற்காக, உரை கேட்கப் பிடிக்கிறது என்பதை மட்டும் நம்பி ஆராய்ச்சிக்கு அனுப்பவும் சொல்ல மாட்டேன். தேனீ நடனமாடித் திசை சொல்கிறது என்று கேட்டால் யாருக்கும் சிலிர்க்கும். அதைக் கண்டுபிடித்த கார்ல் வான் ஃப்ரிஷ், தேனீக்களின் உடலில் வண்ணப் புள்ளி வைத்து, கண்ணாடி பதித்த கூட்டின் முன்னால் ஆண்டுக்கணக்கில் உட்கார்ந்து குறிப்பெடுத்தவர். நோபல் பரிசு 1973-ல்தான் வந்தது. அப்படி உட்கார மகளுக்குப் பிடிக்குமா என்பதுதான் கேள்வி.

பிடிக்கும் என்றே நினைக்கிறேன். நீங்கள் அனுப்பிய நோட்டுப் பக்கங்களில், ஒரே செடியின் இலையடியில் சாறு உறிஞ்சும் அசுவினிப் பூச்சிகளையும் எறும்புகளையும் தினமும் எண்ணியிருக்கிறாள். தேதி, நேரம், மழை பெய்ததா என்பது வரை இருக்கிறது. ஓரிடத்தில், ‘நேற்று எண்ணியது தப்பு, இரண்டு வகை எறும்பு இருக்கிறது, கால் நிறம் வேறு’ என்று அடித்துத் திருத்தியிருக்கிறாள். யாரும் சொல்லாமலே இதைச் செய்கிற பெண்ணுக்குப் பூச்சி வகைப்பாட்டியல், அதாவது பூச்சிகளை இனம் பிரித்துப் பெயரிடும் படிப்பு, பொருந்தும்.

இதுவரை பெயரிடப்பட்ட பூச்சி இனங்களே சுமார் 10 லட்சம். பெயரில்லாதவை அதைவிடப் பல மடங்கு இருக்கும் என்பது ஆய்வாளர்களின் கணிப்பு. பெயர் வைத்து என்ன ஆகப்போகிறது என்று பெரியப்பா கேட்டால் இதைச் சொல்லுங்கள். 1970-களில் ஆப்பிரிக்காவில் மரவள்ளிப் பயிரை ஒரு மாவுப்பூச்சி அழித்தது. அது தென் அமெரிக்காவிலிருந்து வந்தது என்பதால், அதன் எதிரியையும் அங்கேயே தேடினார்கள். அந்தக் கண்டத்தின் வடபகுதியில் கிடைத்த மாவுப்பூச்சி பார்வைக்கு அதே மாதிரிதான் இருந்தது. ஆனால் அதைத் தின்று வளரும் ஒட்டுண்ணிகள் ஆப்பிரிக்கப் பூச்சியில் பெருகவில்லை. நுட்பமாக ஆராய்ந்தபோது இரண்டும் வேறு வேறு இனம் என்று தெரிந்தது. 1981-ல் பராகுவேயில் சரியான பூச்சி கிடைத்தது, அதைக் கட்டுப்படுத்தும் சின்னக் குளவியும் கிடைத்தது. அந்தக் குளவியை ஆப்பிரிக்கா எங்கும் பரப்பும் திட்டத்தை நடத்திய ஹான்ஸ் ஹெரனுக்கு 1995-ல் உலக உணவுப் பரிசு கொடுத்தார்கள்.

வேலை பொறுமையைக் கேட்கும். வண்டை ஊசியில் குத்தி, எங்கே, எப்போது, யார் பிடித்தது என்று குட்டிச் சீட்டு எழுதிக் கீழே செருக வேண்டும். சீட்டில்லாத பூச்சி ஆய்வுக்கு அநேகமாக உதவாது. மாவுப்பூச்சியென்றால் காரக் கரைசலில் ஊறவைத்து, உள்ளிருப்பதை வெளியேற்றி, சாயமேற்றி, கண்ணாடித் தகட்டில் பதிக்க வேண்டும். அப்புறம் மெழுகு சுரக்கும் துளைகளையும் மயிர்களையும் எண்ணி இனம் பிரிக்க வேண்டும்.

பயிர்ப் பாதுகாப்பு, துறைமுகங்களில் பூச்சித் தடுப்புச் சோதனை, அருங்காட்சியகம், தடயவியல் என்று வேலைகள் உண்டு. நிரந்தர இடங்கள் குறைவு, அதை மறைக்க மாட்டேன். அதனால் புள்ளியியலும் டி.என்.ஏ. ஆய்வும் அவள் கட்டாயம் கற்க வேண்டும். இளநிலைக்கு விலங்கியலோ வேளாண்மையோ, கட்டணம் குறைந்த கல்லூரி போதும். முனைவர் பட்டம் உதவித்தொகை தரும் இடத்தில் மட்டும்தான், கைக்காசு போட்டு வேண்டவே வேண்டாம்.

பூச்சிச் சேகரிப்பு உள்ள ஒரு பல்கலைக்கழகத் துறைக்கு, நோட்டின் இரண்டு பக்கங்களோடு அவளே எழுதட்டும். விடுமுறையில் ஒரு மாதம் சீட்டு எழுதும் வேலை கேட்கட்டும். சலித்துப்போனால் அதையும் எனக்கு எழுதச் சொல்லுங்கள், வேறு வழி பார்க்கலாம்.