சந்தை ஓவியத்தைப் பார்த்து எண்ணெய் வண்ணம் பழகலாமா?

கேள்வி: நீர்வண்ணத்தில் ஓரளவு பழக்கம் உண்டு. எண்ணெய் வண்ணம் கற்க, பிளெமிய ஓவியர் ஃபிரான்ஸ் ஸ்னைடர்ஸ் 1614-இல் தீட்டிய சந்தைக் காட்சியைப் பிரதி எடுக்கும்படி நண்பர் ஒருவர் கூறுகிறார். தொடக்க நிலையில் இருப்பவருக்கு இது ஏற்றதா?

பதில்: ஓவியர் ஏற்றவர்தான், முழு ஓவியம் ஏற்றதன்று. சிகாகோ ஆர்ட் இன்ஸ்டிட்யூட்டில் உள்ள அந்த ஓவியம் ஏறத்தாழ 2 மீட்டர் உயரமும் 3 மீட்டர் அகலமும் உடையது. வேட்டையில் வீழ்ந்த விலங்குகள், பறவைகள், பழங்கள், காய்கறிகள், சண்டையிடும் சேவல்கள், போதாக்குறைக்குக் கடைக்காரரின் பணப்பையைக் களவாடும் சிறுவன் என அத்தனையையும் ஒரு சிறிய கித்தானில் அடக்க முயன்றால், எல்லாம் இருக்கும், எதற்கும் கனம் இருக்காது. பழங்கள் உள்ள ஒரு மூலையை மட்டும், கூடுமானவரை அசலின் அளவிலேயே எடுத்துக்கொள்ளுங்கள். ஆன்ட்வெர்ப் நகரின் தேர்ந்த ஓவியர்களே வேலையைப் பங்கிட்டுக்கொண்டவர்கள்தாம்: ரூபன்ஸ் தீட்டிய ‘கட்டுண்ட பிரோமிதியஸ்’ ஓவியத்தில் உள்ள கழுகு ஸ்னைடர்ஸின் கைவண்ணம்.

நீர்வண்ணத்தில் தாளின் வெண்மையே உங்களுக்கு ஒளியாக இருந்தது. இங்கே கித்தானுக்கு முதலில் மெல்லிய பழுப்பு பூசி, அந்த நடுத்தர நிறத்திலிருந்து இருளை நோக்கியும் ஒளியை நோக்கியும் நகர வேண்டும். நிழல்களை அம்பர் (umber) எனும் மண்வண்ணப் பழுப்பால் மெலிதாக இடுங்கள். அதில் உள்ள மாங்கனீசு எண்ணெயை விரைவாக உலரச் செய்வதால் அடிப்பூச்சுக்கு அது மிகவும் பொருத்தமானது. கீழ்ப்பூச்சில் எண்ணெய் குறைவாகவும் மேலே செல்லச் செல்லக் கூடுதலாகவும் இருக்க வேண்டும்; முறை மாறினால் பிற்பாடு வெடிப்பு காணும்.

கருந்திராட்சை ஒன்றைத் தீட்டிப் பார்த்தால் இந்த முறை முழுவதும் விளங்கும். மங்கிய ஊதாவில் உருண்டையை அமைத்து உலரவிட்டு, அதன்மேல் ஒளி ஊடுருவும் செந்நிறத்தைக் கண்ணாடிபோல் மெல்லியதாகப் பரப்புங்கள். ஒளி படும் பக்கத்துக்கு எதிர்ப்புறத்தில், விளிம்பை ஒட்டிச் சற்று வெதுவெதுப்பான செம்மை தோன்ற வேண்டும். பழத்துக்குள் புகுந்த ஒளி அங்கேதான் வெளிப்படுகிறது. தோலின் மேல் படிந்த சாம்பல் பூச்சைச் சாம்பல் கலந்த நீலவெண்மையால், ஏறக்குறைய உலர்ந்த தூரிகையில் தொட்டுத் தேய்த்துக் கொண்டுவரலாம். ஒளி பளிச்சிடும் இடத்தைக் காட்டும் வெள்ளைப் புள்ளி எல்லாவற்றுக்கும் கடைசி. அதை முதலிலேயே வைத்துவிடும் ஆசையை அடக்குவதே, என் கருத்தில், இந்தப் பயிற்சியின் பாதி. எல்லாப் பழத்துக்கும் அந்தப் புள்ளி வேண்டியதுமில்லை.

கேள்வி: இத்தகைய பழைய ஓவியங்கள் பலவற்றில் வெண்மை மஞ்சளாகவும் இலைகள் நீலமாகவும் தெரிகின்றன. அப்படியே தீட்ட வேண்டுமா?

பதில்: வேண்டாம். மஞ்சள் சாயல் பெரும்பாலும் முதிர்ந்த வார்னிஷால் வந்தது. அக்கால ஓவியர்கள் பச்சைக்காக நீலத்தோடு சேர்த்த தாவர மஞ்சள் ஒளியில் வெளுத்துப்போனதால் இலைகள் நீலமாயின. காலம் செய்த வேலையை நீங்கள் பிரதி எடுக்க வேண்டியதில்லை. சந்தைக்குப் போய் ஒரு திராட்சை இலையைப் பார்த்துப் பச்சையைக் கலந்துகொள்ளுங்கள்.

கேள்வி: அவர்கள் பயன்படுத்திய ஈய வெள்ளையும் பாதரசச் சிவப்பும் கட்டாயமா?

பதில்: இல்லை, ஈயம் நஞ்சு. டைட்டானியம் வெள்ளை போதும், ஆனால் அது கீழே உள்ளதை எளிதில் மறைத்துவிடும் என்பதால் சிறிதளவே எடுங்கள். ஆளிவிதை எண்ணெய் தோய்ந்த துணிகளைச் சுருட்டிக் குவித்து வைக்காதீர்கள். அவை தாமாகவே சூடேறித் தீப்பற்றக்கூடும் என்பதால், விரித்து உலர்த்துங்கள், அல்லது நீரில் நனைத்து மூடியுள்ள உலோகப் பாத்திரத்தில் போட்டு வையுங்கள்.