20 பையர் சந்திப்புக்கு முன்பணம் கட்டலாமா?

கேள்வி: ஆறு தையல் மெஷின் வைத்துப் பெண்களுக்கான ஆடைகள் தயாரிக்கிறேன். வெளிநாட்டில் மூன்று நாள் பயிற்சி, கூடவே 20 பையர்களுடன் (மொத்தமாகச் சரக்கு வாங்குபவர்கள்) 'உறுதியான' சந்திப்பு என்று ஒரு ஏஜென்ட் அழைக்கிறார். முழுக் கட்டணத்தையும் முன்பே கட்டச் சொல்கிறார். போகலாமா? சாம்பிள்களை எப்படிக் கொண்டுபோவது?

பதில்: இப்போதைக்குக் கட்டாதீர்கள். அந்த 20 பேர் யார் யார் என்று எழுத்தில் கேளுங்கள். நிறுவனத்தின் பெயர், என்ன வாங்குகிறார்கள், ஒரு டிசைனில் குறைந்தது எத்தனை பீஸ் எடுப்பார்கள் என்பது வரை வேண்டும். டிசைனுக்கு ஆயிரம் பீஸ் கேட்பவரை ஆறு மெஷின்காரர் பார்த்து என்ன ஆகப்போகிறது? "ரகசியம், நிகழ்ச்சிக்கு முதல் நாள்தான் தருவோம்" என்றால் பட்டியலே இல்லை என்று அர்த்தம். இப்படிப் போய்வந்தவர்கள் என்னிடம் புலம்புவது பெரும்பாலும் ஒரே கதைதான். எதிர் நாற்காலியில் பையர் என்று உட்கார்ந்திருந்தவர், இவர்களைப் போலவே பணம் கட்டி வந்த இன்னொரு தயாரிப்பாளர்!

பட்டியல் வந்துவிட்டதா? சரி, அதில் மூன்று பேருக்கு நீங்களே மெயில் போட்டு, வருகிறார்களா என்று கேட்டுப் பாருங்கள். அப்புறம் கட்டணம் பேசலாம், அதுவும் தவணையில்.

பயிற்சிக்காக மட்டும் பறக்க வேண்டாம். ஜெனீவாவில் 1964 முதல் இயங்கும் சர்வதேச வர்த்தக மையம் ஏற்றுமதிப் பாடங்களை ஆன்லைனில் இலவசமாகவே தருகிறது. ஐரோப்பாவில் கூட்டாளி தேடுவதென்றால், ஐரோப்பிய ஆணையம் 2008இல் தொடங்கிய என்டர்பிரைஸ் யூரோப் நெட்வொர்க் இருக்கிறது. இந்த மாதிரித் திட்டங்களின் படிவங்களை நிரப்பி முடிப்பதற்குள் ஒரு சீசன் துணியே தைத்துவிடலாம். சின்ன நிறுவனங்களுக்கு என்று பெயர், ஆனால் நிரப்பித் தரவே தனியாக ஓர் ஆள் வேண்டும். அந்த எரிச்சலில்தான் ஏஜென்ட்டுகளின் பிழைப்பு ஓடுகிறது.

இன்னொரு கண்ணி. கண்காட்சியில் பெயர் பதிந்ததும், "டைரக்டரியில் உங்கள் விவரத்தைச் சரிபார்த்துக் கையெழுத்திடுங்கள்" என்று ஒரு படிவம் வரலாம். இலவசம் போலவே இருக்கும். அடியில் பொடி எழுத்தில், மூன்று வருட விளம்பர ஒப்பந்தம், வருடா வருடம் கட்டணம் என்று இருக்கும். கண்காட்சி நடத்துபவர்களிடம் நேரடியாகக் கேட்காமல் எதிலும் கையெழுத்துப் போடாதீர்கள்.

சாம்பிள் விஷயத்துக்கு வருவோம். ஏடிஏ கார்னே என்ற ஆவணத்தை வர்த்தக சபைகள் தருகின்றன. அதை ஏற்கும் நாடுகளில் வரி கட்டாமல் சாம்பிளைக் கொண்டுபோய்த் திருப்பிக் கொண்டுவரலாம். அதிகபட்சம் ஒரு வருடம் செல்லும். ஆனால் 'திருப்பி' என்ற சொல்லில்தான் எல்லாரும் மாட்டிக்கொள்கிறார்கள். பையர் ஆசையாகக் கேட்டார் என்று ஒரே ஒரு குர்த்தியைக் கொடுத்துவிட்டு வந்தாலும் கணக்கு உதைக்கும். 40 என்று எழுதிக்கொண்டு போனால் 40 திரும்ப வேண்டும். அன்பளிப்பு, தொலைந்துபோனது, காபி கொட்டிவிட்டது என்று எதுவும் செல்லாது. அதனால் கொடுத்துவிட்டு வருவதற்கென்றே உள்ளவற்றை கார்னேயில் சேர்க்காமல் தனிப் பையில், தனி இன்வாய்ஸோடு வையுங்கள். விற்க முடியாதபடி சிதைத்த சாம்பிளுக்குப் பல நாடுகளில் வரி இல்லை. அமெரிக்காவில் கண்ணில் படும் இடத்தில் 2 அங்குலமாவது கத்தரித்திருக்க வேண்டும். ராத்திரி கண்விழித்துத் தைத்த துணியில் கத்தரி வைக்க மனசு வராதுதான். நேர்த்தியானதைக் கார்னேயில் காட்டுங்கள், வெட்டியதைப் பையரிடம் கொடுங்கள்.

திரும்பும்போது, விமானத்துக்கு எவ்வளவு அவசரம் இருந்தாலும் கார்னேயில் அந்த நாட்டு கஸ்டம்ஸ் முத்திரையை வாங்காமல் கிளம்பாதீர்கள். முத்திரை இல்லாவிட்டால் சரக்கு அங்கேயே தங்கிவிட்டதாகத்தான் எழுதுவார்கள். மாதங்கள் கழித்து வரி நோட்டீஸ் வரும்போது அந்த ஏஜென்ட் போனை எடுக்க மாட்டார்.