சிறையும் சமத்துவமும் - கடிதம்

மதிப்பிற்குரிய ஐயா,

பெண் கைதிகளுக்கெனத் தனி விதிகள் தேவை என்று நீங்கள் எழுதியதை வாசித்தேன். சட்டத்தின் முன் அனைவரும் சமம் என்றால், ஒரே குற்றத்துக்கு ஒரே தண்டனையும் ஒரே மாதிரியான சிறையும்தானே முறை? உரிமையில் சமத்துவம் கேட்டுவிட்டு, தண்டனையில் சலுகை கேட்பது முரண்பாடு அல்லவா?

சட்ட மாணவர் ஒருவர்

அன்புள்ள நண்பருக்கு,

உலகச் சிறைவாசிகளில் பெண்கள் ஏறத்தாழ 7 சதவீதமே என்பதால், கட்டடம் முதல் உடல் சோதனை, மருத்துவம் வரை எல்லாமே ஆண்களை மனத்தில் கொண்டே அமைந்தன. ஆகவே நீங்கள் சொல்லும் ‘ஒரே மாதிரியான சிறை’ என்பது நடைமுறையில் ஆண்களின் சிறைதான். பிரசவ வலியில் இருப்பவளுக்கு விலங்கிடக் கூடாது என்பதையே, பெண் கைதிகளுக்காக 2010இல் ஐ.நா. பொதுச்சபை ஏற்றுக்கொண்ட பாங்காக் விதிகள் எழுதிவைக்க வேண்டியிருந்தது. இதைச் சலுகை என்றழைக்க எனக்கு மனம் வரவில்லை.

ஆனால் நீங்கள் குறிப்பிடும் முரண்பாடு வேறோர் இடத்தில் உண்மையாகவே தலைகாட்டுகிறது. 1994இல் தென்னாப்பிரிக்க அதிபராகப் பொறுப்பேற்ற நெல்சன் மண்டேலா, பன்னிரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைகளை உடைய தாய்மார்களுக்கு, குறிப்பிட்ட சில குற்றங்கள் நீங்கலாக, எஞ்சிய தண்டனைக் காலத்தைத் தள்ளுபடி செய்தார். மனைவியை இழந்த ஒரு கைதி, தன் மகனுக்கும் அந்த வயதுதானே, தந்தை என்பதால் மட்டும் தனக்கு விடுதலை இல்லையா என்று வழக்குத் தொடுத்தார். 1997இல் அரசியல் சாசன நீதிமன்றத்தின் பெரும்பான்மை நீதிபதிகள் அதிபரின் முடிவு செல்லும் என்றனர். குழந்தை வளர்ப்புச் சுமை தாய்மீதே விழுகிறது என்ற யதார்த்தத்தை அவர்கள் சுட்டினர். மாறுபட்ட தீர்ப்பெழுதிய நீதிபதி கிரீக்லரோ, சில நூறு பெண்கள் பெறும் விடுதலைக்காக, வளர்ப்பது பெண்ணின் வேலை என்ற பழைய எண்ணத்துக்கு அரசே முத்திரையிடுவதாகக் கருதினார். பெண்ணுரிமையின் பெயரால் பேசும் நாம் எளிதில் கடந்துவிட முடியாத வாதம் இது. நெடுநாள் யோசித்தும் என்னால் அதை முழுமையாக மறுக்க இயலவில்லை.

ரஷ்யாவில் பெண்களுக்கு ஆயுள் தண்டனையே விதிக்கப்படுவதில்லை. இது பாகுபாடு என்று இரண்டு ஆண் கைதிகள் தொடுத்த வழக்கை, 2017இல் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் ஏற்கவில்லை. பாலினம் பற்றிய கேள்வியில் பாகுபாடு இல்லை எனப் பத்து நீதிபதிகளும், உண்டு என ஏழு நீதிபதிகளுமாகப் பிரிந்தனர். நான் அந்த எழுவரின் பக்கம். கருவுற்றவளுக்கு அளிக்கும் விலக்குக்கு உடல் சார்ந்த காரணம் உண்டு. பெண் என்பதாலேயே அளிக்கும் விலக்கில் இரக்கத்தைவிட இளக்காரமே கூடுதலாகத் தெரிகிறது.

பிரேசிலின் வழி எனக்கு ஏற்புடையது. 2018இல் அந்நாட்டின் உச்ச நீதிமன்றம், விசாரணைக் கைதிகளாக இருந்த கர்ப்பிணிகளையும் பன்னிரண்டு வயது வரையுள்ள குழந்தைகளின் தாய்மார்களையும், வன்முறைக் குற்றங்கள் போன்றவை தவிர்த்து, வீட்டுக் காவலுக்கு மாற்ற உத்தரவிட்டது. 2020இல் அதே ஏற்பாட்டை, குழந்தையைத் தனியே பராமரிக்கும் தந்தையருக்கும் நீட்டித்தது.