ஓட்டிப் பார்க்காமல் ரோடு பைக் வாங்குவோருக்கு: ஃபிரேம் அளவு பற்றிய கேள்வி பதில்

நல்ல ரோடு பைக் கடைகள் பெரும்பாலும் பெருநகரங்களில்தான் இருக்கின்றன. அங்கும் நமக்கு வேண்டிய அளவு ஓட்டிப் பார்க்கக் கிடைக்கும் என்பதற்கு உறுதியில்லை. தொலைபேசியில் பேசிப் பணம் கட்டி வரவழைக்க இருப்பவர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதுகிறேன்.

கேள்வி: ஐயா, என் உயரம் 170 செ.மீ. நிறுவனத்தின் அட்டவணைப்படி 52, 54 ஆகிய இரண்டு ஃபிரேம் அளவுகளுமே எனக்குப் பொருந்துகின்றன. கடைக்காரர் 54 எடுக்கச் சொல்கிறார். எதை நம்புவது?

பதில்: உயரத்தை மட்டும் வைத்து முடிவு செய்யாதீர்கள். 170 செ.மீ. உயரமுள்ள இருவரில் ஒருவருக்கு உட்கால் நீளம் (தரையிலிருந்து கவட்டை வரை) 76 செ.மீ. ஆகவும் மற்றவருக்கு 82 செ.மீ. ஆகவும் இருக்கக்கூடும், அப்படியானால் இருவரின் சீட் உயரமும் ஐந்து செ.மீ.க்கு மேல் வேறுபடும். சீட்டைப் பல செ.மீ. ஏற்றலாம், இறக்கலாம். ஆனால் ஹேண்டில்பாரை இரண்டு மூன்று செ.மீ.க்கு மேல் நகர்த்துவது கடினம். ஆகவே ஃபிரேமைத் தேர்வு செய்வது என்பது, உண்மையில், ஹேண்டில்பார் எவ்வளவு உயரத்திலும் எவ்வளவு தூரத்திலும் அமையப் போகிறது என்பதைத் தேர்வு செய்வதுதான். அதைச் சொல்லும் இரண்டு எண்கள் ஸ்டேக், ரீச். பெடல்களைத் தாங்கும் கிராங்க் கைகளின் அச்சு சுழலும் பாட்டம் பிராக்கெட்டின் மையத்திலிருந்து, ஃபிரேமின் முன்பக்கக் குழாயான ஹெட் டியூபின் மேல் விளிம்பு எவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்பது ஸ்டேக். அதே மையத்திலிருந்து கிடைமட்டமாக எவ்வளவு முன்னே இருக்கிறது என்பது ரீச். இவ்விரண்டையும் நிறுவனங்கள் தங்கள் இணையதளத்தில் அளவுவாரியாக வெளியிடுகின்றன. 52, 54 என்ற பெயர்களை மறந்துவிட்டு இவற்றைப் பாருங்கள்.

கேள்வி: உட்கால் நீளத்தை எப்படி அளப்பது? பேண்ட் வாங்கும்போது தையல்காரர் எடுக்கும் அளவு போதுமா?

பதில்: போதாது; அது உடைக்கான அளவு, பல செ.மீ. குறைவாகவே இருக்கும். வெறுங்காலுடன் சுவரில் முதுகைச் சாய்த்து, பாதங்களுக்கிடையே ஒரு சாண் இடைவெளி விட்டு நில்லுங்கள். கெட்டி அட்டை போட்ட ஒரு புத்தகத்தைக் கால்களுக்கிடையே வைத்து, அதன் ஓரம் சுவரில் படும்படியாக, சீட்டில் உட்கார்ந்தால் எவ்வளவு அழுத்தம் இருக்குமோ அவ்வளவு அழுத்தி மேலே தூக்குங்கள். புத்தகத்தின் மேல் விளிம்பைச் சுவரில் பென்சிலால் குறித்துத் தரையிலிருந்து அளந்து கொள்ளுங்கள். இரண்டு மூன்று முறை அளந்து, எண்கள் ஒத்துவந்தால் ஏற்கலாம். பலரும் லேசாகத் தூக்கி அளந்துவிடுகிறார்கள். அதனால் ஒன்றிரண்டு செ.மீ. தவறிப் போகிறது.

இந்த எண்ணை 0.883 ஆல் பெருக்கினால் பாட்டம் பிராக்கெட் மையத்திலிருந்து சீட்டின் மேற்பரப்பு வரையிலான தூரம் கிடைக்கும். டூர் டி பிரான்ஸ் பந்தயத்தை 1986, 1989, 1990 ஆகிய ஆண்டுகளில் வென்ற கிரெக் லெமாண்டின் பெயரால் அறியப்படும் சூத்திரம் இது. 79 செ.மீ. என்றால் விடை 69.8 செ.மீ. இதைத் தொடக்கப் புள்ளியாக மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். காலணி அடியின் கனத்துக்கும் பெடலுக்கும் ஏற்பச் சில மி.மீ. மாறும்.

கேள்வி: அதே நீளத்தை 0.67 ஆல் பெருக்கினால் ஃபிரேம் அளவே வந்துவிடும் என்கிறார்களே?

பதில்: மேல் குழாய் தரைக்கு இணையாக இருந்த காலத்து ஃபிரேம்களுக்கு அது பொருந்தியது. 1990களின் பிற்பகுதியில் ஜயன்ட் நிறுவனத்தின் டிசிஆர் மாடல் மேல் குழாயைச் சரிவாக்கிய பிறகு, சீட் குழாயின் நீளத்துக்கும் ஹேண்டில்பார் இருக்கும் இடத்துக்கும் இருந்த தொடர்பு அறுந்துவிட்டது. பழைய ஸ்டீல் ஃபிரேம் வாங்குவதானால் மட்டும் அந்தக் கணக்கைப் போடுங்கள்.

கேள்வி: நண்பர் ட்ரெக் எமோண்டா 54 ஓட்டுகிறார், எனக்கு அது கச்சிதமாக இருக்கிறது. நான் ட்ரெக் டொமானே வாங்கப் போகிறேன். அதிலும் 54 தானே?

பதில்: ஒரே நிறுவனம், ஒரே எண் என்றாலும் அவை வேறு வேறு ஃபிரேம்கள். எமோண்டா 54இன் ஸ்டேக் 541 மி.மீ., ரீச் 384. டொமானே 54இன் ஸ்டேக் 575, ரீச் 374. ஹெட் டியூப் சாய்வாக இருப்பதால், ஹேண்டில்பாரைப் பிடித்திருக்கும் ஸ்டெமுக்கு அடியில் 10 மி.மீ. ஸ்பேசர் (வளையம்) வைத்தால் ஹேண்டில்பார் ஏறத்தாழ 3 மி.மீ. பின்னுக்கும் வரும். அந்தக் கணக்கில் எமோண்டாவை 34 மி.மீ. உயர்த்தினால் அதன் ரீச் சுமார் 374 ஆகிவிடும். அதாவது, ஸ்பேசர்களை அடுக்கிய எமோண்டாவும் ஸ்பேசரே இல்லாத டொமானேயும் கைகளுக்கு ஒன்றுதான்.

இப்போது நண்பரின் வண்டியைப் பாருங்கள். ஸ்டெமுக்கு அடியில் இரண்டு மூன்று செ.மீ. ஸ்பேசர் இருந்து, அந்த நிலை உங்களுக்கு இதமாக இருந்தால், டொமானே 54 சரியாக அமையும். ஸ்பேசரே இல்லாமல் அந்தத் தாழ்வு உங்களுக்குப் பிடித்திருந்தால், டொமானே 54இல் ஹேண்டில்பார் மூன்று செ.மீ. உயரமாகத் தோன்றும், அதை அவ்வளவு கீழே இறக்குவது கடினம். ரீச் எண்களை ஒப்பிடும் எவரும் முதலில் ஸ்டேக்கைச் சமப்படுத்திவிட்டு ஒப்பிட வேண்டும் என்று நான் திரும்பத் திரும்பச் சொல்வது இதனால்தான்.

கேள்வி: இரண்டு அளவுகளுக்கு நடுவில் இருக்கிறேன். சிறியதை எடுத்தால் குனிய வேண்டியிருக்காது, வசதியாக இருக்கும் என்று எல்லோரும் சொல்கிறார்கள். எனக்கு 45 வயது, முதுகு அவ்வளவாக வளையாது.

பதில்: உங்கள் உடல்நிலைக்கு அந்த அறிவுரை நேர் எதிரான பலனைத் தரும். ஸ்பெஷலைஸ்டு டார்மாக் எஸ்எல்7 மாதிரியில் 52க்கு ஸ்டேக் 527, ரீச் 380; 54க்கு ஸ்டேக் 544, ரீச் 384. சிறியதை எடுத்தால் தூரம் குறைவது வெறும் 4 மி.மீ.; ஹேண்டில்பார் தாழ்வதோ 17 மி.மீ. உங்கள் கால் நீளம் மாறாததால் சீட் அதே உயரத்தில்தான் இருக்கும். ஆகவே சிறிய ஃபிரேமில் நீங்கள் அதிகமாகத்தான் குனிவீர்கள்.

17 மி.மீ. ஸ்பேசர் வைத்து ஈடு செய்யலாம். அப்போது ரீச் இன்னும் 5 மி.மீ. குறைந்து, 54ஐ விட 9 மி.மீ. கிட்டத்தில் வரும். ஆனால் ஸ்டெம் பொருந்தும், முன் சக்கரத்தைத் தாங்கும் ஃபோர்க்கின் மேல் பகுதியான கார்பன் ஸ்டியரர் குழாயில் எவ்வளவு ஸ்பேசர் வைக்கலாம் என்பதற்கு நிறுவனங்கள் வரம்பு வைத்திருக்கின்றன. சிறிய ஃபிரேமில் அந்த வரம்பை முதல் நாளே தொட்டுவிட்டால், பிற்பாடு உயர்த்த இடமிருக்காது.

கால் நீளமாகவும் உடல் குட்டையாகவும் உள்ளவர்களும், முதுகு வளையாதவர்களும் பெரிய அளவை எடுத்து, தேவையானால் ஸ்டெமை 10 மி.மீ. குறைப்பது நல்லது. உடல் நீண்டு கால் குட்டையாக இருப்பவர்கள், நன்றாகக் குனிந்து ஓட்டக்கூடியவர்கள் சிறியதை எடுத்து ஸ்டெமை நீட்டிக்கொள்ளலாம். உங்களைப் பொறுத்தவரை, டார்மாக் போன்ற பந்தய வடிவமே வேண்டாம். நெடுந்தூரப் பயணத்துக்கான, ஸ்டேக் கூடுதலாக உள்ள வடிவத்தைத் தேடுங்கள்.

கேள்வி: இப்போது ஹைபிரிட் வைத்திருக்கிறேன், அளவு எம். ரோடு பைக்கிலும் எம் போதுமா?

பதில்: அதை ஆதாரமாகக் கொள்ள முடியாது. நேர் ஹேண்டில்பாரில் கை ஸ்டெமுக்குப் பக்கத்திலேயே இருக்கும் என்பதால் ஹைபிரிட் ஃபிரேமை நீளமாக வடிவமைப்பார்கள். வளைந்த ஹேண்டில்பாரில் பிரேக் லிவர் மேல் கை வைக்கும் இடம் அதைவிடப் பல செ.மீ. முன்னே போகும். உங்கள் ஹைபிரிடிலிருந்து சீட் உயரத்தை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: என் உயரம் 154 செ.மீ. பெண்களுக்கென்று தனி ஃபிரேம் தேட வேண்டுமா? சின்ன ஃபிரேமில் திருப்பத்தில் கால் முன் சக்கரத்தில் இடிக்கும் என்கிறார்கள், பயமாக இருக்கிறது.

பதில்: தனி ஃபிரேம் தேவையில்லை, அம்மா. உங்கள் ஸ்டேக், ரீச்சுக்குப் பொருந்துகிறதா என்பதே கேள்வி. ஹேண்டில்பார் அகலமும் சீட்டும் மாற்றிக்கொள்ளக்கூடியவை. கால் விரல் இடிப்பது 700 சி என்ற வழக்கமான ரோடு பைக் அளவுச் சக்கரம் கொண்ட சிறிய ஃபிரேம்களில் உண்மைதான். ஆனால் மிக மெதுவாகச் சென்று ஹேண்டிலை நன்கு ஒடிக்கும்போதுதான் அது நேரும். வேகத்தில் வண்டி சாய்ந்துதான் திரும்பும், சக்கரம் அவ்வளவு ஒடியாது. 165 மி.மீ. கிராங்க் கேளுங்கள், இடைவெளி சற்றுக் கூடும்.

கேள்வி: வேறு ஊரிலிருந்து பழைய வண்டி ஒன்று வாங்குகிறேன். விற்பவருக்கு மாடலோ அளவோ தெரியவில்லை.

பதில்: அவரையே அளக்கச் சொல்லுங்கள். சமதளத் தரையில், டயர்களில் காற்றடித்து, பின் சக்கரம் சுவரைத் தொடும்படி வண்டியை நேராக நிறுத்த வேண்டும். சுவரிலிருந்து பாட்டம் பிராக்கெட் மையத்துக்கும், சுவரிலிருந்து ஹெட் டியூப் மேல் முனையின் மையத்துக்கும் உள்ள தூரங்களின் வித்தியாசம் ரீச். அதே இரண்டு இடங்களுக்கும் தரையிலிருந்து உள்ள உயரங்களின் வித்தியாசம் ஸ்டேக். ஹெட் டியூபுக்கு மேலுள்ள கறுப்பு மூடியைச் சேர்த்து அளந்துவிட்டால் ஸ்டேக் ஒன்றிரண்டு செ.மீ. கூடிக் காட்டும், டேப் தெரியும்படி புகைப்படம் கேட்டு வாங்குங்கள். 5 மி.மீ. பிழை இருந்தால் பரவாயில்லை.

இன்னொன்றும் கட்டாயம் கேளுங்கள்: ஸ்டியரர் குழாயை வெட்டியிருக்கிறார்களா? ஸ்டெமின் மேலும் கீழும் ஸ்பேசரே இல்லையென்றால் பெரும்பாலும் வெட்டப்பட்டிருக்கும். அதன் பிறகு ஹேண்டில்பாரை உயர்த்த வேண்டுமானால் மேல்நோக்கிய ஸ்டெம் போட வேண்டும், அல்லது ஃபோர்க்கையே மாற்ற வேண்டும். ஸ்டேக் உங்களுக்குக் குறைவாக இருக்கும் வண்டியில் அப்படி வெட்டியிருந்தால், விலை எவ்வளவு மலிவாக இருந்தாலும் அதை விட்டுவிடுங்கள்.