ஆட்டோகேட் திறக்க நாலு நிமிடமா? புது செட் வாங்கும் முன் இதைப் பாருங்கள்

கேள்வி: கீழக்கரையில் வீட்டு பிளான் வரைந்து கொடுக்கிறேன். ஆறாம் தலைமுறை ஐ5, 4 ஜிபி ரேம் இரண்டு, 1 டிபி ஹார்டு டிஸ்க். ஆட்டோகேட் திறக்க நாலு நிமிடம் ஆகிறது. திறந்துவிட்டால் வரைவதில் சிக்கலில்லை. புராசசர் பழசு, 60 ஆயிரத்துக்குப் புது செட் போடுங்கள் என்கிறது கடை. போடலாமா?

பதில்: இப்போது வேண்டாம். திறந்த பிறகு நன்றாக ஓடுகிறதென்றால் புராசசர் மேல் பழி போட முடியாது. திறக்கும் நேரத்தைத் தின்பது பெரும்பாலும் ஹார்டு டிஸ்க். இல்லையென்றால், பதில் வராத ஏதோ ஒன்றுக்காக மென்பொருள் காத்துக் கிடக்கிறது.

எது என்று கண்டுபிடிக்கக் காசு செலவில்லை. கம்ப்யூட்டரை ரீஸ்டார்ட் செய்து ஐந்து நிமிடம் விடுங்கள். ஆட்டோகேடைத் திறந்து நேரம் பாருங்கள். மூடிவிட்டு உடனே மறுபடி திறங்கள். முதல் முறை 4 நிமிடம், அடுத்த முறை 40 விநாடி என்றால் டிஸ்க்தான் காரணம். இரண்டாம் முறை அதே கோப்புகள் ரேமிலிருந்தே கிடைத்துவிடுகின்றன. இரண்டு முறையும் ஒரே நேரம் பிடித்தால் அது காத்திருப்பு.

டிஸ்க் என்றால் 500 ஜிபி, 2.5 அங்குல சாட்டா எஸ்எஸ்டி (சுழலும் தட்டு இல்லாத வேகமான டிஸ்க்) போதும். அதைவிட வேகமான என்விஎம்இ வகை எஸ்எஸ்டி போட்டால்தான் வேகம் என்பார்கள். ஆட்டோகேட் திறக்கும் நேரத்தில் இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் தெரியாது. மாற்றுவதற்கு முன் கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ என்ற இலவச மென்பொருளில் பழைய டிஸ்கைப் பாருங்கள். நீல நிறம் வந்தால் சி டிரைவை எஸ்எஸ்டிக்குக் குளோன் செய்யலாம், அதாவது விண்டோசோடு அப்படியே நகல் எடுக்கலாம். மஞ்சள் வந்தால் டிஸ்கே கெட்டுக்கொண்டிருக்கிறது: வரைபடங்களை முதலில் வேறு இடத்துக்குக் காப்பி எடுங்கள், விண்டோசைப் புதிதாகப் போடுங்கள், அந்த டிஸ்கை இனி நம்ப வேண்டாம்.

கேபினெட்டைத் திறந்த கையோடு ரேமையும் கழற்றிப் பாருங்கள். உப்புக் காற்றில் அதன் பித்தளை நிறப் பற்கள் மங்கிவிடும். ஒரு ரேம் சரியாகத் தொடாமல் 8 ஜிபி இருந்தும் 4 மட்டும் காட்டும். பென்சில் ரப்பரால் மெல்லத் தேய்த்து, துகளைத் துடைத்து, அழுத்தி மாட்டுங்கள். பிளக்கைப் பிடுங்கிய பிறகுதான் இதெல்லாம்.

காத்திருப்பு என்றால் ஆட்டோகேடில் 'ஓபி' (OP) என்று அடித்து ஆப்ஷன்சைத் திறங்கள். ஃபைல்ஸ் பகுதியில் சப்போர்ட் ஃபைல் தேடும் பாதைகளில், இப்போது இல்லாத பென்டிரைவையோ வேறு கம்ப்யூட்டரையோ காட்டும் வரிகளை நீக்குங்கள். விண்டோசின் டீஃபால்ட் பிரிண்டர் அணைத்துக் கிடக்கும் நெட்வொர்க் பிரிண்டராக இருந்தாலும் ஆட்டோகேட் அதைத் தேடிக்கொண்டிருக்கும். மைக்ரோசாஃப்ட் பிரிண்ட் டு பிடிஎஃப்புக்கு மாற்றுங்கள். 'ஆப்லோட்' (APPLOAD) கட்டளையின் ஸ்டார்ட்அப் சூட்டில் (திறக்கும்போதே தானாக ஏறும் பட்டியல்) தேவையற்ற லிஸ்ப் கோப்புகள், அதாவது கூடுதலாகச் சேர்த்த சிறு நிரல்கள், இருந்தால் எடுத்துவிடுங்கள்.

புது செட்டுக்கு நியாயமான காரணம் ஒன்று உண்டு. விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-இல் முடிந்தது. ஆறாம் தலைமுறை ஐ5, விண்டோஸ் 11-இன் அதிகாரபூர்வப் பட்டியலில் இல்லை. அதற்காக வாங்கினால் எட்டாம் தலைமுறைக்குக் கீழே போகாதீர்கள், 16 ஜிபி ரேம் கேளுங்கள். இப்போது வாங்கும் எஸ்எஸ்டியைக் கழற்றி அதிலும் மாட்டிக்கொள்ளலாம். பில்லில் எஸ்எஸ்டியின் சீரியல் நம்பரை எழுதி வாங்குங்கள். வாரண்டி தர மறுத்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915.

கேள்வி: மண்டபத்தில் மொபைல் ஹாட்ஸ்பாட்டில்தான் வேலை. நெட்டை அணைத்தால் ஆட்டோகேட் சட்டென்று திறக்கிறது, போட்டால் இழுக்கிறது. ஏன்?

பதில்: நெட் அறவே இல்லையென்றால் முயற்சியைச் சீக்கிரம் விட்டுவிடும். அரைகுறையாக இருந்தால் பதில் வரும் என்று காத்திருக்கும். ஆட்டோகேட் திறந்ததும் வரும் ஸ்டார்ட் பக்கம் நெட்டிலிருந்து தகவல் எடுப்பதால், 'ஸ்டார்ட்மோட்' (STARTMODE) என்று இடைவெளியின்றி அடித்து மதிப்பை 0 ஆக்குங்கள். நெட்டை அணைத்தே திறக்கவும் செய்யலாம். ஆனால் சந்தா உரிமம் 30 நாளுக்கு ஒருமுறையாவது நெட்டில் சரிபார்க்கப்பட வேண்டும்; சிக்னல் நன்றாகக் கிடைக்கும் நேரத்தில் வாரம் ஒருமுறை நெட்டோடு திறந்து மூடுங்கள்.