நாண் கழற்றிய பிறகும் வளைந்தே நிற்கும் மரவில்: கெட்டுப்போய்விட்டதா?

கேள்வி: கடலூர் மஞ்சக்குப்பத்தில் இருக்கிறேன். எட்டு மாதத்துக்கு முன் புதுச்சேரியில் ஒரு தரகர் மூலம் யூ மரத்தில் செய்த லாங்போ (ஆள் உயர நெடுவில்) ஒன்று வாங்கினேன். 28 அங்குலம் இழுத்துப் பிடிக்க 45 பவுண்டு விசை வேண்டும் என்று வில்லிலேயே எழுதியிருக்கிறது. ஐப்பசி மழைக்குப் பிறகு நாணைக் கழற்றி வைத்தாலும் வில் நேராக நிற்பதில்லை. இரண்டு முனையும் ஒன்றரை அங்குலம் என் பக்கமாக வளைந்திருக்கின்றன. அம்பும் முன்போல் வேகமாகப் போவதில்லை. கைப்பிடிக்கு மேலே முடி மாதிரி ஒரு கோடு தெரிகிறது. தரகரிடம் கேட்டால், "சூடு காட்டி நிமிர்த்தித் தருகிறேன், ஐயாயிரம் ஆகும், இல்லையென்றால் பாதி விலைக்கு நானே எடுத்துக்கொள்கிறேன்" என்கிறார். என்ன செய்யட்டும்?

பதில்: முதல் வேலை, வில்லை அவரிடம் கொடுக்காமல் இருப்பது. நீங்கள் சொல்லும் வளைவு ஒரு கோளாறே இல்லை. பார்க்க வேண்டியது அந்தக் கோட்டைத்தான். அதைப் பார்த்து முடிக்கும்வரை நாண் பூட்ட வேண்டாம்.

வளைவைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். வில்லை இழுக்கும்போது குறியை நோக்கி இருக்கும் பக்கம் நீளும். அதை முதுகு என்போம். உங்களைப் பார்த்திருக்கும் பக்கம் நசுங்கும். அது வயிறு. யூ மரத்தை இங்கிலாந்துக்காரர்கள் விரும்பியதற்குக் காரணமே இதுதான்: பட்டையை ஒட்டிய வெளுத்த மரம் நன்றாக நீண்டு கொடுக்கும், உள்ளே இருக்கும் செம்பழுப்பு வைரம் நசுங்கித் திரும்பும். ஒரே கட்டையில் இரண்டு குணமும் கிடைக்கிறது. ஆனால் நசுங்கிய நார் நூற்றுக்கு நூறு பழைய நிலைக்குத் திரும்பாது. பல நூறு அம்பு விட்ட பிறகு வில் கொஞ்சம் உங்கள் பக்கம் சாய்ந்தே நிற்கும். ஸ்ட்ரிங் ஃபாலோ என்று சொல்வது இதைத்தான். ஒரே மரத்தில் செய்த வில்லில் ஒன்று முதல் இரண்டு அங்குலம் வரை இருந்தால் அது அந்த வில்லின் இயல்பு. ஃபைபர் கிளாஸ் வைத்த வில் வருடக்கணக்கில் நேராக நிற்கும். அதைப் பார்த்துப் பழகியவர்கள்தான் மரவில்லைக் கண்டு பயப்படுகிறார்கள்.

கண்ணால் அளக்காதீர்கள். நாண் கழற்றிய வில்லின் இந்த முனையிலிருந்து அந்த முனைக்கு ஒரு தையல் நூலை இழுத்துக் கட்டி, கைப்பிடியில் நூலுக்கும் மரத்துக்கும் உள்ள இடைவெளியை ஸ்கேலால் பாருங்கள். இப்போது ஒரு முறை அளந்து வையுங்கள். கோட்டைச் சோதித்து முடித்து மறுபடி அம்பு விடத் தொடங்கியதும், விட்டு முடித்த உடனே ஒரு முறை, மறுநாள் காலை ஒரு முறை. காலையில் இடைவெளி குறைந்திருந்தால் மரம் திரும்பி வருகிறது என்று அர்த்தம். இரண்டு லிம்பும் (கைப்பிடிக்கு மேலும் கீழும் வளையும் பகுதிகள்) ஒரே மாதிரி வளைந்திருக்கிறதா என்பதையும் பாருங்கள். ஒரு பக்கம் மட்டும் மடங்கியிருந்தால் அது வேறு விவகாரம். அப்போது மட்டும் விவரம் தெரிந்த ஒருவரிடம் நேரில் காட்டுங்கள்.

அம்பு வேகம் குறைந்ததற்குப் பெரும் காரணம் உங்கள் ஊர்க் காற்று. மரத்தில் சுமார் 10 சதவீதம் ஈரம் இருக்கும்போதுதான் வில் நன்றாக வேலை செய்யும். ஐப்பசி, கார்த்திகையில் கடலூரில் வெளியே தொங்கும் துணியே மூன்று நாள் காயாது. அந்தக் காற்றில் மரத்தின் ஈரம் 15 சதவீதத்தைத் தாண்டிவிடும். ஈரமான மரம் தளர்ந்துபோகும், அதிகமாக நசுங்கும். என்னிடம் இருக்கும் ஒரு யூ வில்லை மாதம் ஒருமுறை சமையலறை டிஜிட்டல் தராசில் வைத்து, எடையைச் சுவர்க் காலண்டரிலேயே குறித்து வைக்கிறேன். வைகாசியில் 612 கிராம் இருந்தது கார்த்திகையில் 638 ஆனது. அந்த 26 கிராமும் தண்ணீர்தான். நீங்களும் இன்றே எடை போட்டு எழுதி வையுங்கள். மரம் குணமாகிறதா என்று தெரிந்துகொள்ள இதைவிட மலிவான கருவி கிடையாது.

இனி அந்தக் கோடு. வில்லை ஜன்னல் ஓரம் கொண்டுபோய், வெளிச்சம் சாய்வாக விழும்படி பிடியுங்கள். கோடு மரத்தின் ரேகையோடு சேர்ந்து, வில்லின் நீளவாக்கில் ஓடுகிறதா? அப்படியென்றால் பெரும்பாலும் அது மரம் காயும்போது விழுந்த வெடிப்பு. வில் செய்வதற்கு முன்பிருந்தே இருந்திருக்கலாம், பாலிஷ் தேய்ந்ததும் கண்ணில் பட்டிருக்கும். அதில் ஆபத்தில்லை. கோடு ரேகையைக் குறுக்கே வெட்டினால் அந்த வில்லை இழுக்கவே கூடாது. வயிற்றுப் பக்கம் நகக்குறி போலக் குறுக்கே சின்னச் சின்னக் கோடுகள் தெரிந்தாலும் அப்படித்தான், அந்த இடத்தில் நார் நசுங்கி உடைந்திருக்கிறது.

கண்ணுக்குச் சந்தேகமாக இருந்தால் பஞ்சு பொய் சொல்லாது. மருந்துக்கடைப் பஞ்சைக் கொஞ்சம் எடுத்து, வில்லின் முதுகில் முனையிலிருந்து முனைக்கு மெதுவாக இழுங்கள். போன வருடம் நெல்லிக்குப்பத்திலிருந்து ஒரு தம்பி வில்லைக் கொண்டுவந்தான். கோடு எதுவும் இல்லை என்று அடித்துச் சொன்னான். பஞ்சை இழுத்தபோது மேல் லிம்பில் ஒரே இடத்தில் மூன்று முறையும் இழை மாட்டியது. லென்ஸ் வைத்துப் பார்த்தால் அரிசி நீளத்துக்கு ஒரு சிம்பு தூக்கிக்கொண்டு நின்றது. அதன் அடியில் தண்ணீர் போன்ற சூப்பர் க்ளூ இரண்டு சொட்டு விட்டு, காய்ந்ததும் பட்டு நூலால் நெருக்கமாகச் சுற்றிக் கட்டினோம். மொத்தச் செலவு அறுபது ரூபாய். அந்த வில் இன்றும் அம்பு விடுகிறது. தரகர் அவனிடம் கேட்டிருந்த தொகை நாலாயிரம்.

ரேகையோடு ஓடும் கோடு ஆபத்தில்லை என்று சொன்னேன். அதில் ஒரு விதிவிலக்கு உண்டு. இங்கே அவசரப்படாமல் படியுங்கள். நான் சொன்னது ஒரே கட்டையில் செய்த வில்லுக்கு மட்டும். நம் ஊரில் "முழு யூ மரம்" என்று விற்கப்படும் வில்களில் பல, இரண்டு மூன்று பலகைகளை ஒட்டிச் செய்தவை. முதுகில் ஹிக்கரி மரமோ மூங்கிலோ இருக்கும், வயிற்றில் வேறு மரம். ஒட்டிய வில் மட்டம் என்று சொல்லவில்லை. நல்ல கைவேலையாக இருந்தால் நம் காற்றுக்கு அது நன்றாகவே உழைக்கும். ஆனால் அதில் கோடு ஒட்டு வரியில் விழுந்திருந்தால், நீளவாக்கில் ஓடினாலும் ஆபத்துதான்.

எப்படிக் கண்டுபிடிப்பது? வில்லைப் பக்கவாட்டில் பாருங்கள். இயற்கையான யூவில் வெளுப்பும் பழுப்பும் சேரும் இடம் வாய்க்கால் கரை மாதிரி நெளிந்து போகும். சில இடத்தில் தடிக்கும், சில இடத்தில் மெலியும். ஒட்டிய வில்லில் அந்த எல்லை ஸ்கேல் வைத்துக் கிழித்த மாதிரி நேராக இருக்கும். நேராக இருந்து, உங்கள் கோடும் அதன் மேலேயே இருந்தால், ஒரு பஸ் டிக்கெட்டின் ஓரத்தை அதில் நுழைத்துப் பாருங்கள். கொஞ்சம் நுழைந்தாலும் ஒட்டு விட்டுக்கொண்டிருக்கிறது. அந்த இடத்தில் சூப்பர் க்ளூ விட்டுச் சமாளிக்க முடியாது. மேலே மூடிக்கொள்ளும், உள்ளே விட்டுக்கொண்டே இருக்கும், ஒரு நாள் இழுப்பின் உச்சத்தில் பிளந்து முகத்துக்கு வரும். நெளிந்த எல்லை இருந்தால் இந்தப் பத்தியை மறந்துவிடுங்கள். நேரான எல்லை இருந்து கோடு அதைவிட்டுத் தள்ளி வேறு இடத்தில் இருந்தால், முன்பு சொன்ன பஞ்சுச் சோதனையே போதும். நேரான எல்லை, அதன் மேலேயே கோடு, காகிதமும் நுழைகிறது என்றால் வில்லை இனி இழுக்காமல் அலங்காரத்துக்குச் சுவரில் மாட்டிவிடுங்கள்.

ஒட்டு விடுவதற்கு வழக்கமான காரணம் கார். வெள்ளிக் கடற்கரையில் கண்ணாடியை ஏற்றிவிட்டு வெயிலில் நிறுத்திய காருக்குள் 60 டிகிரி வரை போகும். பசை அதிலேயே இளகும்.

சூடு காட்டி நிமிர்த்துவதைப் பற்றிக் கேட்டீர்கள். வேண்டாம். ஈரம் ஏறிய மரத்தின் மேல் சூட்டுக் காற்றைப் பிடித்தால் வெளித்தோல் மட்டும் சட்டென்று காய்ந்து புதிதாக வெடிக்கும். அப்புறம், நிமிர்த்தியது நிற்கவும் நிற்காது. பலகையோடு சேர்த்து இரண்டு நாள் இறுக்கிக் கட்டி வைத்துவிட்டு அவிழ்த்தால் எந்த வில்லும் ஒரு வாரத்துக்கு நேராகத்தான் தெரியும். அந்த ஒரு வாரம் அவருக்குப் போதும். பாதி விலைக்கு உங்களிடம் வாங்குவார், கட்டி நிமிர்த்துவார், கோட்டின் மேல் கருப்புப் பாலிஷ் ஏற்றுவார், "பிரெஞ்சுக்காரர் வீட்டில் இருந்த பழைய வில்" என்று அடுத்தவரிடம் இரண்டு மடங்குக்கு விற்பார். ஒரே வில் மூன்று கை மாறி, மூன்றாம் முறை என் மேஜைக்கு வந்ததைப் பார்த்திருக்கிறேன். வயிற்றில் இருந்த ஒரு கணுவை வைத்துத்தான் அடையாளம் கண்டேன்.

பழமை என்று யாராவது சொன்னால் கொஞ்சம் கணக்குப் போடுங்கள். பழைய இங்கிலாந்துப் போர் வில்களில் மிஞ்சியவை மிகச் சொற்பம். நமக்குத் தெரிந்தவற்றில் பெரும்பாலானவை 1545-இல் மூழ்கி 1982-இல் தூக்கப்பட்ட மேரி ரோஸ் கப்பலில் கிடைத்தவை. அவை இங்கிலாந்தில் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. புதுச்சேரி வீட்டுப் பரணில் அப்படி ஒன்று கிடைக்காது. அதிகம் போனால் விக்டோரியா காலத்து விளையாட்டு வில் கிடைக்கலாம். அது உண்மையிலேயே நூறு வருடம் கடந்ததாக இருந்தால், 1972-ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டத்துக்குள் வருகிறது. அப்படிப்பட்ட பொருளை வியாபாரமாக விற்க உரிமம் வேண்டும், தனியார் வெளிநாட்டுக்கு அனுப்பவே கூடாது. ஆகவே தரகரிடம் ஒன்றே ஒன்று கேளுங்கள்: "நூறு வருடப் பழசு என்று கையெழுத்துப் போட்டுத் தாருங்கள், உங்கள் உரிமத்தையும் காட்டுங்கள்." அத்தோடு பேச்சு மாறிவிடும். அவ்வளவு பழைய வில்லாகவே இருந்தாலும் அதை இழுத்துப் பார்ப்பது பாவம்.

இந்தத் தரகர்கள் பிழைப்பதே நம் ஏற்பாட்டில் உள்ள ஓட்டையால்தான். நம் நாட்டுப் போட்டிகளில் ரீகர்வ் (முனைகள் எதிர்ப்பக்கம் வளைந்த வில்) இருக்கிறது, காம்பவுண்ட் (முனைகளில் கப்பி வைத்த வில்) இருக்கிறது, இந்தியன் ரவுண்ட் என்ற பிரிவில் மூங்கில் வில்லும் இருக்கிறது. லாங்போவோடு போனால் பதிவு மேஜையில் எந்தப் பட்டியலில் எழுதுவது என்று தெரியாமல் விழிப்பார்கள். லாங்போவுக்குப் போட்டி அரிது என்பதால் வில்லைச் சோதிக்க ஆள் இல்லை, பவுண்டைச் சரிபார்க்க ஆள் இல்லை, கடைசியில் விற்றவனே நிபுணன் ஆகிவிடுகிறான். நான் வெளிநாட்டிலிருந்து வரவழைத்த ஒரு வில், "ஆயுதமா, விளையாட்டுப் பொருளா?" என்ற ஒரு கேள்விக்காக 23 நாள் ஒரு கிடங்கில் கிடந்தது. கார்த்திகை மாதம். மூன்று கடிதம் எழுதினேன், மூன்றுக்கும் ஒரே பதில். வந்து சேர்ந்தபோது உறை நனைந்து, வில் ஒரு பக்கம் திருகியிருந்தது. நேர் வழியில் போகிறவனை இப்படி அலைய விட்டால், தெருமுனையில் ரொக்கத்துக்கு விற்கிறவனிடம்தானே ஆட்கள் போவார்கள்? பிள்ளைகள் ஆசையோடு வருகிறார்கள். அவர்கள் கையில் நம்பி ஒரு வில்லைக் கொடுக்க ஊருக்கு ஒரு இடம் இல்லை என்பது எனக்கு ஆறாத கோபம்.

வில்லில் எழுதியிருக்கும் 45 பவுண்டையும் அப்படியே நம்பாதீர்கள். பெட்டி எடை பார்க்கும் கொக்கித் தராசை நாணில் மாட்டி 28 அங்குலம் வரை இழுத்தால் 20 கிலோவுக்குச் சற்று மேலே காட்ட வேண்டும். கோடு சந்தேகமில்லை என்று தெரிந்த பிறகு செய்யுங்கள். உங்கள் கை நீளத்துக்கு இழுப்பு 26 அங்குலம்தான் வரும் என்றால் உங்கள் விரலில் விழும் எடை 40 பவுண்டு அளவில்தான் இருக்கும். "இழுத்துப் பார்க்கிறேன்" என்று வரும் நெட்டையான நண்பரிடம் வில்லைத் தர வேண்டாம். 28-க்கு மேல் போனால் உடையலாம். அம்பு இல்லாமல் நாணை விடுவதும் கூடாது.

நாண் டேக்ரான் என்ற பாலியஸ்டர் நூலாக இருக்கட்டும். "வேகமான நாண்" என்று மெல்லிசாக ஒன்றை விற்பார்கள். அது நீண்டு கொடுக்காது, அடி முழுவதும் முனையில் விழும்.

இப்போதைக்கு வில்லை வீட்டின் உள்சுவரில் இரண்டு மர ஆணி அடித்துப் படுக்கையாக வையுங்கள். வெளிச்சுவர் வேண்டாம், மழை ஊறும். மூலையில் சாய்த்து வைத்தாலும் வளையும். பிளாஸ்டிக் உறையில் போட்டால் ஈரம் உள்ளேயே நிற்கும், பழைய வேட்டித் துணி போதும். வாரம் ஒருமுறை எடை பாருங்கள். இரண்டு வாரம் தொடர்ந்து எடை மாறாமல் நின்றதும் நூல் கட்டி அளவெடுத்து, பஞ்சை ஒருமுறை இழுத்துவிட்டு நாண் பூட்டுங்கள். முதல் நாள் பாதி இழுப்பு முப்பது முறை, ஒவ்வொரு முறையும் மெதுவாக இறக்கி விடுங்கள். மறுநாள் முக்கால் இழுப்பு. நடுவில் "டிக்" என்று ஒரு சத்தம் கேட்டால் அங்கேயே நிறுத்தி, நாணைக் கழற்றி, கோட்டைப் பக்கவாட்டில் போட்டோ எடுத்து எனக்கு அனுப்புங்கள்.